காஸ்பியன் கடல்: ஏரியா, கடலா?

காஸ்பியன் கடல், ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே நாற்புறமும் நிலம் சூழ்ந்த நீர்நிலை ஆகும். இதன் பரப்பளவு சுமார் 3,71,000 சதுர கிலோமீட்டர். பெருங்கடலுடன் இயற்கையான இணைப்பு இல்லாததால் புவியியலாளர் பலர் இதை உலகின் மிகப்பெரிய ஏரி என்பர். ஆனால் இதன் நீர் உவர்ப்பானது. உப்பின் அளவு பெருங்கடல் நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வோல்கா ஆறு கலக்கும் வடபகுதியிலோ நீர் கிட்டத்தட்ட நன்னீர். தெற்கே ஆழம் 1,000 மீட்டரைத் தாண்டுகிறது. உப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் சாக்கடலையும் கடல் என்றே சொல்ல வேண்டிவரும்.

இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. அடியில் எண்ணெயும் எரிவாயுவும் உள்ளன. 1991 வரை கரையில் இருந்தவை சோவியத் ஒன்றியமும் ஈரானும் மட்டுமே. பின்னர் ரஷ்யா, கசக்கஸ்தான், துருக்மெனிஸ்தான், அஜர்பைஜான், ஈரான் என ஐந்து நாடுகள் ஆயின. கடல் எனக் கொண்டால் ஐ.நா. கடல் சட்டப்படி பிரிக்கலாம். நீண்ட கரையுடைய கசக்கஸ்தானுக்கு அது ஆதாயம். ஏரி எனில் அச்சட்டம் பொருந்தாது. கரை நாடுகளே பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும். கரை குறைவாக இருந்தும் ஐந்தில் ஒரு பங்கு கோரிய ஈரானுக்கு இதுவே வசதி.

2018 ஆகஸ்ட் 12 அன்று கசக்கஸ்தானின் அக்டாவ் நகரில் ஐந்து நாடுகளும் உடன்படிக்கை செய்தன. தலைப்பில் 'கடல்' என்ற சொல் இருந்தாலும், வரையறையில் காஸ்பியன் என்பது நாடுகளின் நிலப்பரப்பால் சூழப்பட்ட 'நீர்நிலை' மட்டுமே! கரையிலிருந்து 15 கடல் மைல் அந்தந்த நாட்டின் ஆட்சிப்பரப்பு. அடுத்த 10 கடல் மைல் மீன்பிடி வலயம். எண்ணெய் உள்ள அடித்தளத்தைப் பிரிப்பது அண்டை நாடுகளின் தனி ஒப்பந்தங்களுக்கு விடப்பட்டது.