ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஐபோன் சென்னையில் 80 ஆயிரமா? கணக்கு போட்டால் கிறுகிறுப்பு!

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் உள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்டு முறையில் ஐபோன் தயாரிக்கிறார்கள். அங்கிருந்து சென்னைக்கு பஸ்சில் ஒன்றிரண்டு மணி நேரம்தான். ஆனால் சென்னை கடையில் அந்தப் போனின் விலை 80 ஆயிரத்தைத் தொடுகிறது. "பக்கத்து ஊரில் செய்யும் சாமானுக்கு இத்தனை விலையா? அமெரிக்காவில் மலிவாமே?" என்று மின்சார ரெயிலில் கேட்காத ஆள் இல்லை.

2023 செப்டம்பரில் ஐபோன் 15 விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 799 டாலர். இங்கே 79 ஆயிரத்து 900 ரூபாய். அன்று ஒரு டாலர் சுமார் 83 ரூபாய். அதன்படி அமெரிக்க விலை 66 ஆயிரத்து 300 ரூபாய்தான். 13 ஆயிரத்து 600 ரூபாய் கூடுதல். பகல் கொள்ளை என்றுதான் தோன்றும்.

விஷயம் வேறு. அமெரிக்க விலைப் பட்டியலில் வரி சேராது. பில் போடும்போது தனியாக வாங்குவார்கள். அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நம் ஊர் விலையிலோ 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம். 66 ஆயிரத்து 300-க்கு அந்த வரியைச் சேர்த்தால் 78 ஆயிரத்து 200-ஐத் தாண்டிவிடும். மிச்சம் இரண்டாயிரம்கூட இல்லை!

"புரோ"வில் விழுந்த அடி

உண்மையான அடி "புரோ" மாடலில் விழுந்தது. ஐபோன் 15 புரோ அமெரிக்காவில் 999 டாலர். வரியோடு கணக்கு போட்டாலும் 98 ஆயிரத்துக்குள் அடங்கும். இங்கே 1 லட்சத்து 34 ஆயிரத்து 900 வைத்தார்கள். அந்த மாடல் அப்போது இங்கு தயாராகவில்லை. வெளிநாட்டில் இருந்து வந்ததால் 20 சதவீத சுங்க வரி வேறு. 2024 ஜூலை பட்ஜெட்டில் அந்த வரி 15 சதவீதமானது. புரோ மாடல் தயாரிப்பும் இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 16 புரோவின் ஆரம்ப விலை 1 லட்சத்து 19 ஆயிரத்து 900. ஒரே வருஷத்தில் 15 ஆயிரம் இறங்கியது.

வரி போக மீதி 67 ஆயிரத்து 700 இருக்கிறதே, அதற்காவது தகுமா?

கம்பெனி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 2015-ல் வந்த ஐபோன் 6எஸ்-க்கு 2021 வரை புதுப்புது சாப்ட்வேர் கொடுத்தார்கள். மலிவு போன்களில் பலவற்றுக்கு இரண்டு வருஷம் கொடுத்தாலே பெரிய காரியமாக இருந்தது. விற்கப் போனாலும் ஐபோனுக்கு நல்ல விலை கிடைக்கும்.

மறுபக்கமும் உண்டு. பேட்டரி தேய்ந்த பழைய போன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. மன்னிப்பு கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரில் இருந்து 29 டாலராக இறக்கியது. அமெரிக்க வழக்கை முடிக்க 50 கோடி டாலர் வரை தர 2020-ல் சம்மதித்தது. பிரான்சில் இரண்டரை கோடி யூரோ அபராதம். 2021-ல் திரை துடைக்க ஒரு துணி விற்றார்கள். விலை 1,900 ரூபாய். வெறும் துணி! அந்தக் காசுக்கு நல்ல வேட்டியே வாங்கலாம்.

வருஷத்துக்கு எவ்வளவு?

"ஆறு வருஷம் உழைக்குமே" என்பார்கள். உழைக்கட்டும். 79 ஆயிரத்து 900-ஐ ஆறால் வகுத்தால் வருஷத்துக்கு 13 ஆயிரத்து 300. இருபதாயிரம் ரூபாய் போன் மூன்றே வருஷம் வந்தாலும் வருஷத்துக்கு 6 ஆயிரத்து 700 தான். பாதி! கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவருக்கு அந்தக் கேமரா காசைத் திருப்பித் தரும். பேசவும், வாட்ஸ்அப் பார்க்கவும், கடையில் காசு அனுப்பவும் மட்டும் போன் வைத்திருப்பவருக்கு அந்த மீதிப் பாதி ஆப்பிள் படத்துக்குத்தான் போகிறது.

இதில் தவணை வேறு. 24 மாதம் என்றால் மாசம் 3 ஆயிரத்து 330 ரூபாய். "வட்டியே இல்லை" என்று கடையில் போர்டு மாட்டியிருப்பார்கள். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டி வேறு பெயரில் வரும். அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடி போய்விடும். ஆகவே ரொக்கத்துக்கு என்ன விலை என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் தவணை பற்றிப் பேசலாம்.

விலை அதிகம் என்பதால் திருடர்களுக்கும் இதன் மேல் ஒரு கண். "பாதி விலைக்கு ஐபோன்" என்று யாராவது வந்தால், காசு கொடுக்கும் முன் போனில் *#06# அழுத்திப் பார்க்க வேண்டும். 15 இலக்க எண் ஒன்று வரும். மெசேஜில் ஆங்கில எழுத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு அனுப்பினால் அது எந்த மாடலின் எண், முடக்கப்பட்ட போனா என்ற விவரம் வரும். பில் இல்லை என்று சொன்னால் வாங்காமல் வந்துவிடுவது நல்லது. திருட்டுப் போன் என்று தெரிந்தால் போலீஸ் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அப்போது கையில் வைத்திருப்பவர்தான்.