கப்பலுக்கு ஒரு சீட்டு, விமானத்துக்கு ஒரு சீட்டு

சமீப காலமாக நமது சங்கத்து நண்பர்கள் பலர் உல்லாசக் கப்பலில் போய் வருகிறார்கள். பிள்ளைகள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், அப்பா அம்மாவை அனுப்பி வைக்கிறார்கள், மகிழ்ச்சியான விஷயம். ஆனால் கிளம்புமுன் பலரும் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், கப்பல் புறப்படும் ஊருக்கு விமான டிக்கெட்டை நாமே எடுப்பதா, கப்பல் கம்பெனி மூலமாகவே எடுத்துவிடுவதா?" வேலைக்காலம் முழுவதும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு டிப்ளமோக்காரனிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்றால், எங்கள் குடும்பத்தில் நடந்த சங்கதி ஜோகுபாளையம் முழுக்கப் பரவிவிட்டது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தம்பிக்கு 2024-ல் அறுபது வயது பூர்த்தியாயிற்று. திருக்கடையூர் போய் மணிவிழா முடித்த கையோடு, அவன் பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். துணைக்கு நாங்கள் இருவரும். மச்சினன் விமானம், கப்பல், விசா எல்லாவற்றையும் ஒரு டிராவல் ஏஜென்டிடம் மொத்தமாக ஒப்படைத்தான்.

"மாமா, எல்லாத்தையும் ஒரே ஆளுகிட்ட குடுத்துட்டா நமக்குத் தலைவலி இல்ல. பிளேன் லேட்டானா கப்பல் காத்திருக்கும்னு ஏஜென்டே சொல்றாரு" என்றான்.

ஜோலார்பேட்டையில் இணைப்பு வண்டிக்காகப் பத்து நிமிடம் ரயிலை நிறுத்தச் சொல்லிக் கண்ட்ரோலிடம் மன்றாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான்கு பேருக்காகக் கப்பல் நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் இருவருக்கும் நானே டிக்கெட் எடுத்தேன், கப்பல் புறப்படுவதற்கு முந்தைய நாள் காலை சிங்கப்பூரில் இறங்கும்படி. மச்சினனுக்கு எடுத்தது அதே நாள் காலை இறங்கும் விமானம். ஓட்டல் செலவு மிச்சம் என்று சொன்னார்களாம்.

இரவு பதினொன்றரைக்குக் கிளம்ப வேண்டிய அவர்கள் விமானம் இயந்திரக் கோளாறால் மறுநாள் காலை பத்தரைக்குத்தான் தேவனஹள்ளியை விட்டுக் கிளம்பியது. பறக்கும் நேரம் நாலரை மணி. சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அந்த இரண்டரை மணியும் அவர்களுக்கு எதிராகவே நின்றது. அவர்கள் தரையிறங்கியபோது அங்கே மாலை ஐந்தரை. மெரினா பே முனையத்திலிருந்து கப்பல் ஐந்து மணிக்கே நகர்ந்துவிட்டது. பயணிகளை ஏற்றும் கவுண்டரையோ அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்பே மூடிவிட்டார்கள். மேல்தளத்தில் பாட்டும் கூத்துமாக இருக்க, நாங்கள் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழா நாயகர்கள் கரையில், துணைக்கு வந்தவர்கள் கப்பலில்!

மறுநாள் பினாங்கில் வந்து ஏறியிருக்கலாமே என்பீர்கள். இந்தியர்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமலே மலேசியாவுக்குள் போக முடிந்தது, சிங்கப்பூரிலிருந்து ஒன்றரை மணி நேர விமானம்தான். ஆனால் நடுவழித் துறைமுகத்தில் ஏறுவதற்குக் கப்பல் கம்பெனி சம்மதிக்க வேண்டும், துறைமுக அதிகாரிகளுக்கு முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டிய ஏஜென்ட் ஆபீஸ் சனிக்கிழமை மாலை பூட்டியது, திங்கட்கிழமைதான் திறந்தது. தம்பதிகள் சிரங்கூன் சாலையில் அறை எடுத்துத் தங்கினார்கள். கப்பல் விருந்துக்கென்று வாங்கிய பட்டுப்புடவையை மச்சினன் மனைவி வீரமாகாளியம்மன் கோவிலுக்குத்தான் உடுத்திக்கொண்டு போனார்.

ஊர் திரும்பியபின் ஏஜென்ட் சொன்ன பதில்: விமானத்துக்கு விமானக் கம்பெனி பொறுப்பு, கப்பலுக்குக் கப்பல் கம்பெனி பொறுப்பு, நாங்கள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர்கள். ரசீதைப் பிரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஒரே உறை, ஒரே பில். ஆனால் உள்ளே இருந்தவை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு சீட்டுகள்.

உண்மையிலேயே ஒரே சீட்டாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடித் துறை வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 35 கிலோமீட்டர் கப்பல், பிறகு கொழும்புக்கு மறுபடி ரயில். எல்லாவற்றுக்கும் சென்னையிலேயே ஒரே டிக்கெட். கொழும்பில் கடைக்கணக்கு எழுதிய என் தாத்தா அதில்தான் போய் வந்தார். வண்டி தாமதமானால் கப்பல் போய்விடுமே என்ற கவலை அவருக்கு இருந்ததில்லை. காரணம், கப்பலை ஓட்டியதும் அதே தென்னிந்திய ரயில்வே கம்பெனிதான். வண்டி வராமல் கப்பலை அனுப்பினால் நஷ்டம் அவர்களுக்கே. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, அந்த வழியும் போயிற்று.

நண்பர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். டிக்கெட்டை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். இணைப்பு தவறினால் நஷ்டம் யாருடையது என்று கேளுங்கள்.

நிற்க. கப்பல் கம்பெனிகள் தாங்களே விமான டிக்கெட் விற்கும் ஏற்பாடுகள் உண்மையிலேயே உண்டு. ராயல் கரிபியனில் அதற்கு 'ஏர் டூ சீ' என்று பெயர், பிரின்சஸ் கம்பெனியில் 'ஈஸி ஏர்'. இவற்றிலும் கப்பல் காத்திருக்கும் என்ற வாக்குறுதி கிடையாது. விமானம் தாமதமானால் வேறு விமானம் பிடித்துக் கப்பலிலோ அடுத்த துறைமுகத்திலோ கொண்டு சேர்க்க உதவுவோம் என்பதுதான் வாக்குறுதி. ஆனால் அதுவே பெரிய விஷயம். அவர்கள் ஆட்கள் இரவும் போனில் கிடைப்பார்கள், நடுவழியில் ஏற அனுமதி கொடுக்க வேண்டியவர்களும் அவர்களே. பெங்களூரில் 'எல்லாம் சேர்த்து' என்று விற்கப்படுவது பெரும்பாலும் இது அல்ல, ஏஜென்ட் தானே கட்டிய பொட்டலம். ஆகவே, "விமானம் தாமதமானால் அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் அனுப்புவீர்களா? எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் கூடுதலாகக் கேட்கும் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். வாயால் மட்டும் சொன்னால் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சியாட்டிலில் ஏறி அங்கேயே இறங்கும் அலாஸ்கா பயணத்தில் கப்பலைத் தவறவிட்டால், ஜூனோவில் போய் ஏறிக்கொள்வது சுலபமில்லை. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இத்தகைய பயணத்தில் வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது.

நாமே டிக்கெட் எடுப்பதென்றால்? ரயில்வே கால அட்டவணையில் 'இன்ஜினீயரிங் அலவன்ஸ்' என்று ஒன்று உண்டு. பாதையில் வேலை நடக்கும், வண்டி மெதுவாகத்தான் போகும் என்று தெரிந்தே சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்த்து வைப்போம். பயணிக்கு அது தெரியாது. வண்டி நேரத்துக்கு வந்தது என்றுதான் நினைப்பார். கப்பல் பயணத்துக்கு அந்த அலவன்ஸ் ஒரு இரவு. முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிட்டால் நாமே எடுத்த டிக்கெட் போதும், கப்பல் கம்பெனியின் வாக்குறுதி பெரும்பாலும் தேவைப்படாது. ஐரோப்பாவுக்கு, நடுவில் விமானம் மாறிப் போகிறவர்களுக்கு இரண்டு இரவு என்பேன். 2024 ஜூலை 19 அன்று கம்ப்யூட்டர் மென்பொருள் கோளாறால் நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அந்த மாதிரி நாளில் எந்தக் கணக்கும் செல்லாது. கையில் இருக்கும் ஒரு இரவுதான் காப்பாற்றும். சிங்கப்பூர் ஓட்டல் வாடகை மலிவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நான்கு இரவுக் கப்பல் கட்டணத்தோடு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

விமானம் மாறிப் போவதானால் இரண்டு பறப்பும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கட்டும். அப்போது முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் மாற்று ஏற்பாடு செய்வது விமானக் கம்பெனியின் கடமை. மலிவாகக் கிடைக்கிறதே என்று மும்பை வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து இன்னொன்று என்று எடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நம் ரயில்வேயில்கூட 2019 ஏப்ரல் முதல் இரண்டு பி.என்.ஆர். எண்களை இணைக்கும் வசதி இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறினால், போகாத தூரத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்கும்.

நாமே எடுப்பதில் தொந்தரவு இல்லாமல் இல்லை. எங்கள் விமானத்தின் நேரத்தைப் பயணத்துக்கு மூன்று வாரம் முன்னால் மாற்றினார்கள். தகவல் மின்னஞ்சலில் வந்து கிடந்தது, நான் பார்த்தது நான்கு நாள் கழித்து. ஏஜென்ட் என்றால் அவர் பார்த்திருப்பார். அப்புறம் பெயர். நம்மவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும். விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, கப்பல் பதிவில் இன்னொரு மாதிரி என்றால் கவுண்டரில் நிற்க வைத்துவிடுவார்கள். என் மனைவியின் பெயரை நானே தவறாக அடித்து, திருத்தப் பணம் கட்டினேன். இதை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

வரியும் ஒன்று உண்டு. விமான டிக்கெட், தங்கும் செலவு போன்றவற்றில் இரண்டாவது சேர்ந்திருந்தால் அது வெளிநாட்டுச் சுற்றுலாப் பொட்டலம் என்று கணக்கிட்டு டி.சி.எஸ். பிடிப்பார்கள். தனியாக வாங்கும் விமான டிக்கெட்டுக்கு அது கிடையாது. விகிதம் பட்ஜெட்டில் அடிக்கடி மாறுகிறது, ஆடிட்டரைக் கேளுங்கள். பிடித்த பணத்தை வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை நம் பணம் அங்கே முடங்கும்.

திரும்பும் நாளை யாரும் யோசிப்பதில்லை. கப்பல் காலை ஏழு மணிக்குக் கரை சேர்ந்தாலும் பெட்டி, குடியேற்றச் சோதனை எல்லாம் முடிந்து வெளியே வர பத்து மணி ஆகலாம். பிற்பகல் இரண்டு மணிக்கு முந்தைய விமானத்தைத் தொடாதீர்கள். சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறோம் என்பதால் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று கிளம்புமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள். போகும் விமானத்தை விட்டுவிட்டு வேறு விமானத்தில் போனால், அதே டிக்கெட்டிலுள்ள திரும்பும் பயணத்தையும் விமானக் கம்பெனிகள் பொதுவாக ரத்து செய்துவிடும். அப்படி நேர்ந்தால் அங்கிருந்தே போன் செய்து அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.