முகம் பார்த்துத் திறக்கும் கணினி

சென்ற கோடை விடுமுறையில் அம்மா சீட்டுப் பணம் எடுத்துத் தர, மடிக்கணினி விலை கேட்கச் சென்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். கணினி வாங்குவதும் முதன்முறை. "முகத்தைக் காட்டினால் திறக்க வேண்டுமா தம்பி? அப்படியென்றால் என்.பி.யு. உள்ள புதிய கணினிதான்" என்றார் கடைக்காரர். அக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

என்.பி.யு. என்பது செயற்கை நரம்பிணையக் கணக்குகளுக்கென்றே அமைந்த செயலி. முகமாயினும் குரலாயினும் கணினிக்கு அது எண்களின் அடுக்கே. அதை இனங்காண ஓயாமல் பெருக்கிக் கூட்ட வேண்டும். பொதுச் செயலி எல்லா வேலையும் அறிந்த கொத்தனார் போன்றது. எனினும் ஒவ்வோர் எண்ணையும் நினைவகத்திலிருந்து எடுத்துவருவதும் திரும்பக் கொண்டுபோய் வைப்பதுமாகவே அதற்கு மின்சாரம் செலவாகும். என்.பி.யு.விலோ ஆயிரக்கணக்கான சிறு பெருக்கற் சுற்றுகள், சித்தாள்கள் வரிசையாய் நின்று செங்கல்லைக் கைமாற்றுவதுபோல் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. (கட்டட வேலைக்குச் செல்லும் அம்மாவுக்கு இவ்வுவமை உடனே பிடித்துவிட்டது.) எண்களும் பெரும்பாலும் 8 பிட் அளவே, ஆதலால் மின்சாரம் மிச்சம். 2024-இல் மைக்ரோசாஃப்ட், கோபைலட் பிளஸ் கணினிகளின் என்.பி.யு. நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளாவது செய்ய வேண்டும் என்று விதித்தது.

இனி முகத்துக்கு வருவோம். விண்டோஸ் ஹலோ என்னும் முகமறி வசதி வந்தது 2015-இல். அந்நாளைய விண்டோஸ் மடிக்கணினிகளில் என்.பி.யு.வே கிடையாது! அதற்கு வேண்டியது அகச்சிவப்புக் கேமரா. கண்ணுக்குத் தெரியாத ஒளியை முகத்தில் வீசி, திரும்பும் ஒளியைக் கொண்டு அது படம் பிடிக்கும். தொடக்கத்தில் இருட்டிலும் வேலை செய்தது. செல்போன் திரையில் நம் படத்தைக் காட்டினால் எளிதில் ஏமாறாது. முகத்தின் அளவுகள் எண்களாக அக்கணினிக்குள்ளேயே தங்கும், புகைப்படமாகச் சேமிக்கப்படுவதில்லை. திறப்பதோ ஒரு கணத்து வேலை. அதைப் பொதுச் செயலியே முடித்துவிடும்.

அப்படியானால் என்.பி.யு. வீண் செலவா? அல்ல. இணைய வகுப்பில் நம் பின்னால் இருக்கும் சுவரையும் கொடியில் காயும் துணியையும் மங்கலாக்கிக் காட்டும் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 30 படங்கள் வீதம், ஒரு மணி நேரத்தில் 1,08,000 படங்கள்! ஒவ்வொன்றிலும் ஆள் எது, சுவர் எது எனப் பிரிக்க வேண்டும். இதைப் பொதுச் செயலி செய்தால் கணினி சூடேறும். மின்கலமும் விரைவில் தீரும். இத்தகைய ஓயாத வேலைக்கே என்.பி.யு. உதவுகிறது.

மறுவாரம் அதே கடைக்குச் சென்று, "அன்று காட்டிய கணினியில் அகச்சிவப்புக் கேமரா உண்டா அண்ணே?" என்று கேட்டேன். பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். இல்லை! கடவுச்சொல் தட்டித் திறக்கும் சாதாரணக் கணினி ஒன்றை வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தை அம்மாவிடம் கொடுத்தேன்.