எம்.பி. சீனிவாசன்: சேர்ந்து பாட வைத்தவர்

முல்லைத்தீவின் தேவாலயங்களிலும் வவுனியா, கிளிநொச்சிப் பாடசாலைகளின் குழு இசைப் போட்டிகளிலும் பிள்ளைகள் சேர்ந்து பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். தமிழ்ப் பாட்டைப் பல குரலில் பிரித்துப் பாட வைப்பதற்குத் தன் வாழ்வின் பல ஆண்டுகளைக் கொடுத்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன்.

1925இல் சித்தூரில் பிறந்தவர். 1960இல் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தார். அதில் ஜெயகாந்தனும் பாட்டெழுதினார். பின்னர் மலையாளத் திரையுலகம் அவரை அணைத்துக்கொண்டது. கே.ஜே. யேசுதாஸ் சினிமாவுக்காக முதன்முதலில் பாடியது சீனிவாசனின் இசையில்தான். ஸ்டூடியோக்களில் வாசிக்கும் கலைஞர்களுக்குச் சரியான கூலி கிடைக்கவேண்டுமென்று சென்னையில் சங்கம் அமைத்தவரும் அவரே.

ஆனாலும் அவருடைய ஆகப் பெரிய கொடை, 1971இல் தொடங்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு.

நம் மரபில் பத்துப் பேர் பாடினாலும் மெட்டு ஒன்றுதான். சேர்ந்திசையோ வேறு விதம். பெண்குரல்கள் மெட்டை ஏந்திச் செல்ல, ஆண்குரல்கள் கீழே வேறொரு சுரத்தைப் பிடித்து நிற்கும்; திடீரென ஒரு பிரிவு முந்தும், மற்றது பின்தொடரும். பாரதியின் பாடல்களை இப்படி அமைக்கும்போது ராகம் கலையாமலும் சொல் சிதையாமலும் பார்த்துக்கொள்வது எவ்வளவு கடினம்! அதைச் சீனிவாசன் செய்து காட்டினார்.

குழுவின் பாடகர்கள் பலரும் சாதாரண வேலை பார்த்தவர்கள், மாணவர்கள்.

1988 மார்ச்சில், சேர்ந்திசை பயிற்றுவிக்கச் சென்றிருந்த இலட்சத்தீவில் அவர் காலமானார். குழு அவருக்குப் பின்னும் தொடர்ந்து பாடியது.