முறையிட இடமில்லாத கரை

சிலாபத்தில் தொடங்கி உடப்பு, நுரைச்சோலை, தலவில என்று கற்பிட்டி முனை வரை நீளும் கரையில் கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே நிற்கின்றன. 1990இல் வடக்கிலிருந்து புலிகள் விரட்டிய முஸ்லிம்களில் பெரும்பாலானோருக்கு இந்தப் புத்தளம்தான் இடம் கொடுத்தது. அந்த மண்ணிலும் ஓர் ஆண் இன்னோர் ஆணை, ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசித்தால் வெளியே சொல்ல முடியாது. ஊர்வாய்க்கு அஞ்சுவது ஒருபுறம் என்றால், பொலிசுக்கு அஞ்சுவது அதைவிடப் பெரிது.

அந்த அச்சத்துக்கு வேர், ஆங்கிலேயர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை. ஒருபாலுறவுக்கு அதன் 365ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. 365அ பிரிவில் 2 ஆண்டு வரை. 365அ முன்பு ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியபோது நீக்கியிருக்கலாம். அதற்குப் பதிலாகப் பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டது. வளர்ந்த இருவர், மனமொத்து, பூட்டிய அறைக்குள் என்றாலும் குற்றம் குற்றமே.

"இந்தச் சட்டத்தில் யாரைச் சிறையில் போட்டார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்தின் கொடுமை சிறையில் மட்டும் இல்லை. கைப்பேசிப் படத்தைக் காட்டி ஒருவன் பணம் பறித்தால், பறிகொடுத்தவர் எங்கே போவார்? பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதினால், அதுவே அவருக்கு எதிரான வாக்குமூலமாகிவிடும். தெருவோரம் நிற்கும் திருநங்கையைப் பிடித்துப்போக 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2017 முதல் குறைந்தது 7 பேரை அதிகாரிகள் கட்டாய உடற்பரிசோதனைக்கு உட்படுத்தியதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2020இல் வெளியிட்டது. சிலருக்கு ஆசனவாய்ப் பரிசோதனை. மருத்துவம் அதற்கு எந்தப் பெறுமதியும் தருவதில்லை. அது சித்திரவதை, வேறு பெயர் வேண்டாம்.

எதிர்த்து நின்றவர்களில் ரோசன்னா பிளேமர்-கல்தேரா முக்கியமானவர். 2004இல் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பைத் தொடங்கியவர். உள்நாட்டில் கதவு திறக்காதபோது, 2018இல் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழுவிடம் முறையிட்டார். பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது உரிமை மீறல் என்று 2022இல் அக்குழு அவர் பக்கம் முடிவு சொன்னது. சட்டத்தை நீக்கும்படி இலங்கையைக் கேட்டது.

அடுத்த ஆண்டே உள்நாட்டிலும் ஒரு கதவு திறந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த 365, 365அ பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். சிறுவருக்கு ஆபத்து, பண்பாட்டுக்குக் கேடு என்று சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் நீதிமன்றத்தின் தீர்மானம் வந்தது. சிறுவரைக் காக்கவும், சம்மதமில்லாத வன்செயலைத் தண்டிக்கவும் 365ஆ உள்ளிட்ட பிரிவுகள் தனியே இருக்கின்றன. அவற்றில் கைவைக்க யாரும் கேட்கவில்லை. அக்கரையில் இந்திய உச்ச நீதிமன்றம், மனமொத்த ஒருபாலுறவு குற்றமல்ல என்று 2018இலேயே தீர்த்துவிட்டது.

ஆனால் 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைந்தது. சட்டமூலமும் அதோடு போயிற்று. அதை மறுபடி கொண்டுவர மூன்றில் இரண்டு பங்கு வாக்குத் தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். 2024 நவம்பர் தேர்தலில் 225 ஆசனங்களில் 159ஐத் தேசிய மக்கள் சக்தி வென்றது. புத்தளம் மாவட்டம் அனுப்பியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவர்களிடம் இதைக் கேட்கலாம், பள்ளிவாசல் முற்றத்திலும் கோயில் வாசலிலும் நின்றே கேட்கலாம்.