தடிமன் பொய் சொல்லும் மாதம்

டொராண்டோவுக்கு வடக்கே, காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது சிம்கோ ஏரி. குளிர்காலத்தில் அது உறைந்ததும் ஐஸின் மேலேயே குடில்கள் முளைத்துவிடும். துளை போட்டு, உள்ளே தூண்டிலை இறக்கிவிட்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஜனவரியில் நாலு அங்குல ஐஸில் நடந்து போய் மீன் பிடித்தோம். மார்ச்சில் ஒரு அடி ஐஸ் இருந்தும் போகாதே என்கிறார்களே, ஏன்?”

நியாயமான சந்தேகம். ஐஸ் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் தடிமனில்தான் தொடங்குகின்றன. நடந்து போக 4 அங்குலம் வேண்டும், வெண்மையாக இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும் என்கிறது அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கை வளத் துறை. ஆனால் இந்த 4 அங்குலம் புதிதாக உறைந்த, தெளிந்த ஐஸுக்கான கணக்கு. எந்த ஐஸும் நூறு சதவீதம் பாதுகாப்பானதில்லை என்று அந்தத் துறையே சொல்கிறது.

இந்தத் தடிமன் கணக்குக்கு ஒரு வரலாறும் உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த லோர்ன் கோல்ட், காகிதத் தொழில் நிறுவனங்கள் உறைந்த ஏரிகள் மேல் லாரி ஓட்டிய அனுபவங்களைத் திரட்டி ஆராய்ந்து, 1971-இல் கட்டுரையாக வெளியிட்டார். தாங்கும் எடை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே அதன் சாரம். சென்டிமீட்டரில் தடிமனை எடுத்து வர்க்கப்படுத்தி, 4-ஆல் பெருக்கினால் கிலோ கணக்கு வந்துவிடும்: 10 செ.மீ. ஐஸுக்கு 400 கிலோ. நல்ல சூத்திரம்தான். ஆனால் அதில் வெயிலுக்கு இடமில்லை.

மார்ச்சில் நடப்பதெல்லாம் வெயிலின் வேலை. ஏரி உறையும்போது ஐஸ் படிகங்கள் கீழ்நோக்கி நீண்டு, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, செங்குத்தான தூண்களாக வளர்கின்றன. படிகம் தன் வரிசைக்குள் அந்நியப் பொருளைச் சேர்ப்பதில்லை. நீரில் கரைந்திருந்த உப்புகளை வெளியே தள்ளிவிடும். அவை தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள மெல்லிய எல்லையில் போய்த் தங்குகின்றன. அதனால் அந்த எல்லையின் உருகுநிலை ஓர் இம்மியளவு குறைகிறது. எனக்கு வியப்பெல்லாம் இந்த இம்மியின் மேல்தான்.

ஜனவரியில் ஐஸை மூடியிருக்கும் பனி, வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மார்ச்சில் அந்தப் பனி கரைந்து, சூரியனும் உயர ஏறிவிடுவதால் ஒளி நேராக ஐஸுக்குள் இறங்குகிறது. ஐஸ் முழுவதும் சுழிய டிகிரியை எட்டிய பிறகு வந்து சேரும் வெப்பம், முதலில் அந்த எல்லைகளைத்தான் உருக்கும். தூண்கள் அப்படியே நிற்க, இடுக்குகள் மட்டும் நீராகின்றன. வெளிக்காற்று சுழியத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்போதுகூட இது நடக்கும்.

பொங்கல் சந்தையில் நிறுத்தி வைத்த கரும்புக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு இறுக்கமாக இருந்தால் அதன் தலையில் ஓர் ஆள் ஏறி உட்காரலாம். கயிற்றை அறுத்துவிட்டால் கரும்பின் உயரம் ஓர் அங்குலமும் குறையாது. ஆனால் ஒரு சிறுவன் சாய்ந்தாலே எல்லாம் சரிந்துவிடும். மார்ச்சில் துளை போட்டுத் தடிமன் அளப்பவர் கரும்பின் நீளத்தை அளக்கிறார், கயிற்றைப் பார்ப்பதில்லை. இந்தக் கட்டில் கயிறு வெளியே தெரியவும் தெரியாது. ஒவ்வொரு கரும்புக்கும் இடையே ஓடுகிறது. இரவுக் குளிர் அவிழ்ந்த முடிச்சுகளை மறுபடி போட்டுவிடும். காலையில் ஏறியவருக்குக் கட்டு கெட்டியாகத் தெரியும். மதிய வெயில் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க, மாலையில் அதே வழியாகத் திரும்புகிறவருக்குக் கீழே வெறும் கரும்புகள்தான் நிற்கும்.

இப்படிப் பிரிந்த ஐஸை அந்தப் பகுதி மீனவர்கள் ‘கேண்டில் ஐஸ்’ என்கிறார்கள். தடிமனைத் துல்லியமாகச் சொல்வதாக எந்தச் செயலி, எந்தக் கருவி விளம்பரம் செய்தாலும், மார்ச்சில் அது பதில் சொல்வது தவறான கேள்விக்கு.

டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தின் சப்னா சர்மாவும் கூட்டாளிகளும் 10 நாடுகளில் நிகழ்ந்த சுமார் 4,000 குளிர்கால நீரில் மூழ்கிய சாவுகளை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். குளிர்கால வெப்பநிலை சுழியத்தை நெருங்க நெருங்கச் சாவுகள் கிடுகிடுவென ஏறுகின்றன. எல்லாப் பழியையும் புவி வெப்பமாதல் மேல் போட்டுவிட இது போதாது. பழக்கமும் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் இடர் அதிகமாவது கடுங்குளிரில் இல்லை, இதமான நாளில் என்பது தெளிவு.

சிம்கோவில் குடில்களை மார்ச் 15-க்குள் அகற்றிவிட வேண்டும் என்பது விதி. அந்தத் தேதி வரை ஐஸ் தாங்கும் என்று அதற்குப் பொருளில்லை. நான் நம்புவது கடப்பாரையைத்தான். சில அடிகளுக்கு ஒருமுறை ஓங்கிக் குத்த வேண்டும். ஓரிரு குத்தில் நீர் எட்டிப் பார்த்தாலோ, ஐஸ் சில்லுச் சில்லாகத் தெறிக்காமல் குச்சி குச்சியாகப் பிரிந்தாலோ, ஏரி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். கருத்துச் சாம்பல் பூத்த இடம், ஓடை வந்து சேரும் வாய், கரையோரம் ஆகியவை முதலில் கைவிடும். நடு ஏரி கெட்டியாக இருக்கும்போதே கரையோரம் கரைந்து, திரும்பும் வழி அடைபட்டுப் போவதும் உண்டு.

கழுத்தில் இரண்டு கூர் ஆணிப் பிடிகள், உடலில் மிதவை உடை. இவை இல்லாமல் இறங்கவே கூடாது. விழுந்துவிட்டால் நேரத்தை மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் வகுத்த கணக்கில் எண்ண வேண்டும்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். ஆகவே முதல் நிமிடம் கரையேற முயலாமல் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். பிறகு வந்த திசைக்கே திரும்பி, சற்றுமுன் உங்களைத் தாங்கிய அந்த ஐஸில் ஆணிகளை ஊன்றி, கால்களை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வழுக்கிக்கொண்டே மேலேற வேண்டும். மேலே வந்ததும் எழுந்து நிற்காதீர்கள். கெட்டியான இடம் வரும்வரை உருண்டே போங்கள்.