நம்ம ரத்தம்... நாற்பது லட்சம்!

கார்-டி என்றதும் ஷோரூம் ஞாபகம் வருகிறவர்கள் மன்னிக்கவும். இந்தக் 'கார்' ஓடுவது ரத்தக் குழாயில்.

நம் ரத்தத்தில் டி செல்கள் என்று போலீஸ்காரர்கள் உண்டு. கிருமியைக் கண்டால் லத்தி சார்ஜ்தான். ஆனால் ரத்தப் புற்று செல் உள்ளூர்க்காரன் மாதிரி வேட்டி கட்டிக்கொண்டு அவர்கள் எதிரிலேயே உலாத்தும். எனவே நோயாளியின் டி செல்களைப் பிரித்தெடுத்து, பல் பிடுங்கிய வைரஸ் ஒன்றின் மூலம் புது ஜீனை உள்ளே அனுப்புகிறார்கள். அதன்பின் சி.டி.19 என்ற அடையாளம் உள்ள பி செல் எங்கே கண்ணில் பட்டாலும் அடிதான். (நல்ல பி செல்லுக்கும் விழும். லத்தி சார்ஜ் என்றால் அப்படித்தான்!) இப்படி மாற்றியவற்றைக் கோடிக்கணக்கில் பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். எல்லா ரத்தப் புற்றுக்கும் அல்ல; கீமோவுக்கு மசியாத, போய்த் திரும்பி வந்த சில பி செல் ரகங்களுக்கு.

2012-ல் அமெரிக்காவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இதைச் செய்தபோது, உள்ளே நடந்த சண்டையில் காய்ச்சல் எகிறி, குழந்தை சாகக் கிடந்தாள். ரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்ற சமாசாரம் எக்கச்சக்கம். அதை அடக்க ஒரு மூட்டுவாத மருந்து உண்டு என்பது விஞ்ஞானி கார்ல் ஜூனுக்குத் தெரியும். காரணம், அவர் மகளுக்கே மூட்டுவாதம்! கொடுத்தார்கள். பிழைத்தாள்.

2017-ல் அங்கே அனுமதி கிடைத்தது. விலை 4,75,000 டாலர். ஆபீஸ் மெடிக்ளெய்ம் மூன்று லட்சம் என்று மார்தட்டும் நண்பர்கள் சற்றே உட்காரவும்.

நம் ஊர் பதில், நெக்ஸ்கார்19. பம்பாய் ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் குழுவும் டாடா மெமோரியல் டாக்டர்களும் சேர்ந்து உருவாக்கியது. அமெரிக்க மாடலில் எலியிலிருந்து வந்த புரதத் துண்டு ஒன்று உண்டு. அதை மனிதச் சாயலுக்கு மாற்றினார்கள். 2023 அக்டோபரில் அனுமதி. ஏறத்தாழ 40 லட்ச ரூபாய்.

இதை எங்கள் பத்தமடை டீக்கடையில் சொன்னேன். அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன தம்பி, நம்ம ரத்தத்த உருவி நமக்கே ஏத்துதான், அதுக்கு நாப்பது லச்சமா? கொள்ளையால்லா இருக்கு!"

"அண்ணாச்சி, கோரை ஆத்தோரம் சும்மாதான முளைக்கி? பட்டுப்பாய் ஏன் ஆயிரக்கணக்குல விக்கி?"

"அது கைவேலைல்லா. கிழிக்கணும், ஊறப் போடணும், சாயம் ஏத்தணும்..."

"கல்யாணப் பாயில மாப்பிள்ள, பொண்ணு பேரு நெஞ்சிட்டா அடுத்தவனுக்கு விக்க முடியுமா?"

"எவன் வாங்குவான்!"

இதுவும் அதே கதைதான். ஒருவருக்கு நெய்தது இன்னொருவருக்கு ஆகாது. மாத்திரை மாதிரி மூட்டை மூட்டையாகத் தயாரித்து அடுக்க வழியில்லை. செல்லை உறைய வைத்து, தொழிற்சாலைக்கு அனுப்பி, திரும்ப வரவழைத்து... நோய் அதுவரை காத்திருக்குமா?

அதனால்தான் எனக்கு வேலூர் சி.எம்.சி. செய்தது பிடித்திருக்கிறது. அங்கே ஆஸ்பத்திரிக்குள்ளேயே, பெருமளவு தானியங்கியான மெஷினில், சுமார் 9 நாளில் செல்களைத் தயாரித்தார்கள். உறைய வைக்காமல் ஃப்ரெஷ்ஷாக ஏற்றினார்கள். சிறிய சோதனைதான். ஆனால் 2025-ல் வெளியான முடிவுப்படி 80 சதவிகிதம் பேர் 15 மாதம் கழித்தும் புற்றில்லாமல் இருந்தார்கள். போக்குவரத்தும் குளிர்சாதனமும் கழிந்தால் செலவும் இறங்கும்.

புற்று செல்லும் லேசுப்பட்டதல்ல. சில சமயம் சி.டி.19 சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தப்பிக்கிறது. அதற்காக ஒரே நேரத்தில் இரண்டு அடையாளம் பார்க்கிற டி செல்களைப் பல நாடுகளில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சிக்கு அதெல்லாம் ரெண்டாம் பட்சம். "வேலூர்ல எப்ப நாலு லச்சத்துக்கு வரும்?" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.